கை விட்டது யார்?

விளையாட்டு விழா நெருங்கிவிட்டால் எங்கள் பள்ளியில் எவருக்கும் பாடத்தில் மனம் செல்லாது. அதிலும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு, பொதுத் தேர்வுக்கு முன்னே வருகின்ற கடைசிக் கொண்டாட்டம் அதுதான். ஓட்டப் பந்தயத்தில் கோப்பை கிடைக்காவிட்டாலும் போகட்டும், வடம் இழுக்கும் போட்டிக் கோப்பை மட்டும் எங்கள் வகுப்பறை அலமாரிக்கு வந்தே தீர வேண்டும் என்று இவ்வாண்டு உறுதி பூண்டிருந்தோம்.

எங்கள் அணியில் எட்டுப் பேர். தோவாளையில் பூத்தொடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருவர், நாஞ்சில் நாட்டு வயற்புறத்துப் பிள்ளைகள் மூவர், குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் இருவர், மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவள் ஒருத்தி. எண்மரில் அவளே வலிமை மிக்கவள். பள்ளிக் கிணற்றடியில் நாங்கள் இருவராய்த் தூக்கும் வாளியை அவள் ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடப்பாள். ஆகவே அவளை வடத்தின் கடைசியில் நிறுத்தினோம். கடைசியில் நிற்பவள் நங்கூரம் போன்றவள் என்பது விளையாட்டு ஆசிரியையின் வாக்கு.

இறுதிப் போட்டி ஒன்பதாம் வகுப்போடு. முதற்சுற்றில் வென்றோம். இரண்டாம் சுற்றில் தோற்றோம். மூன்றாம் சுற்று நெடுநேரம் நீடித்தது. நடுவிலிருந்த சிவப்புத் துணி இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. பார்த்திருந்த பெற்றோர்களும் கன்னியர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். இன்னும் ஒரு முழம் வந்துவிட்டால் கோப்பை எங்களுடையது என்ற வேளையில், பின்னால் ஏதோ அறுந்தாற்போல வடம் தளர்ந்தது. மறுகணம் நாங்கள் எழுவரும் கோட்டுக்கு அப்பால் குப்புறக் கிடந்தோம். திரும்பிப் பார்த்தால், அவள் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"பாவி, கைய விட்டுட்டாளே!" என்று எங்களில் ஒருத்தி கத்தினாள். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. "வேணும்ணே விட்டிருக்கா", "இவ எப்பவும் வகுப்புல தூங்குற சோம்பேறிதானே" என்றெல்லாம் வாயில் வந்ததைச் சொன்னோம். அவள் அழவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்:

"நான் விடல்ல. கை தானா விட்டுட்டு."

அதைக் கேட்டுச் சிரித்தோம். கை என்ன, கட்டிப் போடாத ஆட்டுக்குட்டியா, தானாக விட்டுப் போவதற்கு! அன்று முதல் ஐந்து நாட்கள் நாங்கள் எழுவரும் அவளோடு பேசவில்லை. மதிய உணவு வேளையில் அவள் வேப்பமரத்தடியில் தனியே உண்டாள்.

இது எப்படியோ அறிவியல் சிஸ்டர் காதுக்கு எட்டியிருக்கிறது. ஆறாம் நாள், நரம்பு மண்டலம் என்ற பாடத்தைத் திருப்பிப் பார்க்கும் வகுப்பில், சிஸ்டர் கரும்பலகையில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வியை எழுதினார்கள்: "கை தானாக விடுமா?" வகுப்பு முழுவதும் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. எங்கள் அணியினர் எழுவரையும் முன்னால் அழைத்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்து, கையைத் தோளுக்கு நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள்.

இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தோம். அரை நிமிடம் வரை புட்டியின் பாரமே தெரியவில்லை. ஒரு நிமிடம் ஆனதும் தோளில் எரிச்சல் தொடங்கியது. பிறகு கை நடுங்கிற்று. பல்லைக் கடித்தோம், மூச்சை அடக்கினோம், உடம்பை ஒரு பக்கம் சாய்த்தோம். ஒவ்வொருத்தியாகக் கை தாழ்ந்தது. கடைசியாக நின்றவளின் கையும் இறங்கத் தொடங்கியபோது, "எல்லாரும் அவள் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள்" என்றார்கள் சிஸ்டர். வகுப்பே அதிரும்படி கூப்பிட்டோம். இறங்கிய கை மறுபடி உயர்ந்தது! இன்னும் இருபது எண்ணும் வரை அவள் தாங்கினாள்.

"அந்த இருபது எண்ணிக்கைக்கு வேண்டிய வலிமை எங்கிருந்து வந்தது?" என்று சிஸ்டர் கேட்டார்கள். "நாம் கூப்பிட்டதும் தசைக்குள் புதிதாக ஏதும் போய்விடவில்லை. அது முன்பே அங்கு இருந்தது. அப்படியானால், முன்பே கையை இறக்கச் சொன்னது யார்?"

எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. அன்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தவற்றையும், பின்னர் நூலகத்தில் நாங்கள் தேடிப் படித்தவற்றையும் இங்கே எங்களால் இயன்றவரை எழுதுகிறோம்.

வடத்தைப் பிடி என்னும் ஆணை முதலில் மூளையின் மேற்பரப்பிலே பிறக்கிறது. அங்கிருந்து முதுகெலும்புக்குள் ஓடுகின்ற தண்டுவடத்துக்கு இறங்குகிறது. (நம் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு வடம் இருக்கிறது பாருங்கள் என்று சிஸ்டர் வேடிக்கையாகச் சொன்னார்கள்.) தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பு செல்கள் அந்த ஆணையை வாங்கித் தங்கள் நீண்ட இழைகளின் வழியே கைத் தசைக்கு அனுப்புகின்றன. மூளையிலிருந்து கை வரைக்கும் வர 1 வினாடியில் ஏறக்குறைய 50இல் ஒரு பங்கு நேரமே ஆகிறது. இழையின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரக்கிறது. அது தசை நாரைத் தொட்டதும் நாருக்குள் ஒரு மின்னலை ஓடுகிறது. உள்ளே பைகளில் அடைபட்டிருக்கும் கால்சியம் வெளிப்படுகிறது. உடனே நாரின் நுண்ணிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தசை சுருங்குகிறது. இதற்கு எரிபொருள் ஏ.டி.பி. என்று பாடத்திலே படித்திருக்கிறோம்.

ஒரு நரம்பு செல்லும் அது ஆளுகின்ற தசை நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. இங்கிலாந்து நாட்டு அறிஞர் செரிங்டன் இதற்குப் பெயர் சூட்டினார். அவருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்பு செல்லுக்குப் பத்து நார்கள் அளவே பொறுப்பு. கெண்டைக்கால் தசையிலோ ஒன்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்களை ஆளுகிறது. வேலை தொடங்கும்போது எல்லா அலகுகளும் ஒருங்கே எழுந்து ஓடி வருவதில்லை. முதலில் சிறிய அலகுகள் வருகின்றன. இவை எளிதில் களைக்காதவை. பாரம் கூடக் கூட, அல்லது வந்தவை களைக்கக் களைக்க, பெரிய அலகுகள் அழைக்கப்படுகின்றன. இவை வலியவை, ஆனால் விரைவில் ஓய்ந்து போகிறவை. இனி அழைப்பதற்கு எவருமில்லை என்ற கட்டம் நெருங்கும்போது, நாங்கள் புட்டியைப் பிடித்து நடுங்கியது போல நடுங்குகிறோம்.

அப்படியானால் களைப்பு எங்கே உண்டாகிறது, தசையிலா, மூளையிலா? நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இதைக் கேட்டு வருகிறார்கள். இத்தாலியிலுள்ள தூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோசோ என்ற பேராசிரியர் விரலின் களைப்பை அளக்க ஒரு கருவி செய்தார். நடுவிரலில் ஒரு பாரத்தைக் கட்டி, தாளம் தவறாமல் மறுபடி மறுபடி இழுக்கச் செய்து, ஒவ்வோர் இழுப்பின் உயரத்தையும் தாளில் கோடாகப் பதித்தார். களைப்பைப் பற்றி 1891இல் ஒரு நூலும் வெளியிட்டார். அதில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அவருடன் பணியாற்றிய மாஜோரா என்ற ஆசிரியர் மாணவர்களுக்குத் தேர்வு நடத்தி முடித்த பின் அதே கருவியில் விரலை வைத்தபோது, வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் விரல் ஓய்ந்துவிட்டதாம். விரல் ஒரு வேலையும் செய்யவில்லை, வேலை செய்தது மூளை. தேர்வினால் களைப்பது எழுதுகிற நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். நடத்துகிற ஆசிரியைகளும் களைத்துப் போகிறார்கள் என்று அன்றுதான் அறிந்தோம்!

பின்னால் வந்த ஆய்வுகள், களைப்பு இரண்டிடத்திலும் உண்டாகிறது என்று காட்டின. தசைக்குள்ளே, ஏ.டி.பி. செலவாகும்போது மிஞ்சுகிற பாஸ்பேட் குவிகிறது, கால்சியம் முன்போல் தாராளமாக வெளிவருவதில்லை. ஆகவே அதே ஆணைக்குத் தசை முன்னைவிடக் குறைவாகவே சுருங்குகிறது. முற்காலத்தில் எல்லாப் பழியையும் லாக்டிக் அமிலத்தின்மேல் சுமத்தினார்கள். அது முதன்மையான குற்றவாளி அல்ல என்பது இன்றைய முடிவு.

நரம்பிலும் மாற்றம் நிகழ்கிறது. 1983இல் பிரெண்டா பிக்லண்டு-ரிட்சி என்ற அம்மையாரும் அவரோடு உழைத்தவர்களும், கட்டைவிரல் தசையை முழு வலுவோடு இறுக்கி வைத்திருக்கும்போது நரம்பு செல்கள் வினாடிக்கு எத்தனை முறை செய்தி அனுப்புகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒரு நிமிட அளவில் அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. இது நரம்பின் சோம்பேறித்தனமா? இல்லை. களைத்த தசை சுருங்கிய நிலையிலிருந்து தளர்வதற்கு முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆதலால் குறைந்த செய்திகளே அதனை இழுத்த நிலையில் வைத்திருக்கப் போதும். வீட்டில் மாதக் கடைசியில் அம்மா சிக்கனமாகச் செலவழிப்பது போன்றதே இதுவும்.

மேலும், தசையிலிருந்து மெல்லிய நரம்புகள் சில தண்டுவடத்துக்கும் மூளைக்கும் இடைவிடாமல் சேதி சொல்லுகின்றன: இங்கே எரிகிறது, இரத்தம் போதவில்லை, வலிக்கிறது. அச்சேதி கூடக் கூட மேலிருந்து வரும் ஆணை தளர்கிறது. ஆஸ்திரேலியாவில் சைமன் கேண்டவியா என்பவரும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தெளிவாக்கிற்று. ஒருவர் தம்மால் இயன்ற மட்டும் முழங்கையை மடக்கிக் களைத்திருக்கும்போது, தலைக்கு மேலிருந்து ஒரு காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டினார்கள். கை அதுவரை காட்டாத கூடுதல் வலுவைக் காட்டிற்று. முழு முயற்சி என்று அவர் மனமார நம்பியபோதும், மூளை தன்னிடமுள்ள அனைத்தையும் அனுப்பவில்லை. உடலைக் காக்கவே மூளை இவ்வாறு கையை அடக்குகிறது என்று சில அறிஞர்கள் சொல்லுகிறார்கள். வேறு சிலர் அதை ஒப்புவதில்லை. ஆனால் அது நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை என்பதில் ஐயமில்லை.

சிஸ்டர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "இப்போது சொல்லுங்கள், கை தானாக விடுமா?" என்றார்கள். எங்கள் தலைகள் தாழ்ந்தன. அவள் மூன்றாம் பெஞ்சில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அதோடு பாடம் முடிந்துவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை சிஸ்டர் எங்களை அவளுடைய ஊர்க் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார்கள். வடம் இழுக்கத் தெரிந்தவர்களைப் போய்ப் பாருங்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவளும் எங்களோடு வந்தாள். பேருந்தில் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் இருக்கை காலியாகக் கிடந்தது.

கரையிலே கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரைவட்டமாக வலையை வளைத்து, இரண்டு நுனி வடங்களையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாய் இழுப்பது அந்த மீன்பிடி முறை. அவளுடைய பாட்டா மணலில் அமர்ந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். சிஸ்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். "வாங்க மக்களே, நீங்கதான் அந்த வடம் இழுத்த பிள்ளியளா?" என்று கேட்டுச் சிரித்தார். எங்களுக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

பாட்டா சொல்லிக் காட்டிய பின்புதான் எங்கள் கண்ணுக்குப் பல செய்திகள் புலப்பட்டன. இழுப்பவர்கள் கையை மட்டும் நம்பவில்லை. சிலர் இடுப்பில் ஒரு துண்டுக் கயிற்றைக் கட்டி, அதன் நுனியை வடத்தில் சுற்றிக்கொண்டு, உடம்பை முழுவதும் பின்னால் சாய்த்து நடந்தார்கள். "கையால இழுத்தா பத்து பாகம்கூட வராது. காலால இழுக்கணும்" என்றார் பாட்டா. விரல்களின் சிறு தசைகளுக்குப் பதிலாகத் தொடையின் பெருந்தசைகளை உழைக்க வைக்கிறார்கள் என்று சிஸ்டர் விளக்கினார்கள்.

எங்களை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. வடத்தின் கடைசியிலே நின்று இழுத்தவர் ஓரிடம் வரை வந்ததும் கையை விட்டுவிட்டார்! ஒருவரும் அவரை ஏசவில்லை. அவர் கைகளை உதறிக்கொண்டு, அலை அடிக்கும் இடத்துக்கு மெதுவாக நடந்து போய், வடத்தின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அடுத்தவர் கடைசிக்கு வந்துவிட்டிருந்தார். அவரும் விட்டார், முன்னே போனார். இப்படி மாறி மாறி விட்டும் பிடித்தும்தான் மடி கரையை நோக்கி நகர்ந்தது. "ஆளு மாறணும் மக்களே. எல்லாவனும் ஒண்ணா விடாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் பாட்டா.

ஏலேலோ என்று ஒருவர் குரல் எடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் பதில் கொடுத்து இழுத்தார்கள். 1961இல் மிச்சியோ இக்காய், ஆர்தர் ஸ்டெயின்ஹவுஸ் என்ற இருவர், ஒருவர் வலுவைக் காட்டும்போது உரக்கக் கத்தினால் என்ன ஆகிறது என்று அளந்து பார்த்ததைச் சிஸ்டர் அங்கே நின்றபடியே சொன்னார்கள். கத்திய வேளையில் வலு சுமார் 12 சதவீதம் கூடியதாம். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது உயர்ந்த கை எங்கள் நினைவுக்கு வந்தது. அளந்து பார்க்கக் கருவி இல்லாமலே எங்கள் கடற்கரை மக்கள் இதை அறிந்திருக்கிறார்கள்!

எங்களில் ஒருத்தி துணிந்து கேட்டுவிட்டாள்: "பாட்டா, கை தானா விடுமா?"

பாட்டா உடனே பதில் சொல்லவில்லை. கடலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒக்கி புயலைப் பற்றிப் பேசினார். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அந்தப் புயல் எங்கள் மாவட்டத்தைத் தாக்கியபோது நாங்கள் சின்னஞ்சிறு பிள்ளைகள். மரங்கள் விழுந்து கிடந்ததும், நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததும்தான் எங்களில் பலருக்கு நினைவு. கடலுக்குப் போயிருந்த நாலு பேரின் படகு அன்று கவிழ்ந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா. இன்னொருவர் அவளுடைய தாய்மாமன்.

"ரெண்டு ராத்திரி கவுந்த படகப் பிடிச்சிட்டுக் கெடந்தானுவ. கை விட்டுடும்ணு தெரியும் மக்களே. மனசு விடாது, கை விட்டுடும். அதனால ஆளுக்காளு கையப் படகோட சேத்துக் கட்டிக்கிட்டானுவ. ஒருத்தன் மத்தவனுவளுக்குக் கட்டி முடிச்சான். அவனுக்குக் கட்டக் கயிறு மிச்சமில்ல. மூணு பேரு வந்தானுவ."

கட்டி முடித்தவர் அவளுடைய மாமா.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. "கை தானா விட்டுட்டு" என்ற வாக்கியத்தை அவள் எங்கள் மைதானத்தில் நின்று புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவள் வீட்டில் பல ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த வாக்கியம் அது. அதைக் கேட்டுத்தான் நாங்கள் சிரித்தோம்.

திரும்புமுன் அவளுடைய அம்மா எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் தமக்குக் கடுங்காய்ச்சல் என்றும், அதனால் விழாவன்று அதிகாலை மூன்று மணிக்கு மகளே ஏலக் கரைக்குப் போய் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கூடைகளைச் சாலை வரை சுமந்து கொண்டு வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தாள் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார்கள். காய்ச்சல் இல்லாத நாட்களிலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவள் அம்மாவோடு விடியுமுன் எழுந்து போகிறாள். வகுப்பில் அவள் கண் சொருகுவதற்குக் காரணம் அதுவே.

உறக்கம் கெட்ட மறுநாள் ஒரே முறை இழுக்கும் வலு அவ்வளவாகக் குறைவதில்லை. நெடுநேரம் தாங்கும் ஆற்றலே குறைகிறது என்று சிஸ்டர் பேருந்தில் சொன்னார்கள். மூளை களைத்திருந்தால் அதே பாரம் அதிகப் பாரமாகத் தோன்றும். பிரிட்டனில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், தொண்ணூறு நிமிடம் கவனத்தைச் செலுத்தி மூளைவேலை செய்தவர்கள் பிறகு மிதிவண்டிக் கருவியை மிதித்தபோது, வழக்கத்தைவிடச் சுமார் 15 சதவீதம் முன்னதாகவே ஓய்ந்து போனார்கள். அவர்களுடைய தசைகளுக்கும் இதயத்துக்கும் ஒரு குறையும் இல்லை. முதற்சுற்றில் எங்களை வெல்லச் செய்தவள் மூன்றாம் சுற்றில் ஏன் தளர்ந்தாள் என்பது அப்போது விளங்கிற்று. உண்மையைச் சொன்னால், அவ்வளவு வேலைக்குப் பின் இரண்டு சுற்று இழுத்ததே பெரிய காரியம்.

பேருந்து கோட்டாறு வந்தபோது சவேரியார் பேராலயத்தில் இறங்கிச் சற்று நேரம் செபித்தோம். புனித பிரான்சிஸ் சவேரியாரும் கை ஓய்ந்தவர்தான் என்று சிஸ்டர் சொன்னபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து உரோமை நகரில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய மடலில், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் ஓய்ந்து போவது பலமுறை நேர்கிறது என்று அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவ்வாண்டின் இறுதியில்தான் அவர் எங்கள் கடற்கரை ஊர்களுக்கு வந்து, ஒரே மாதத்தில் 10,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அவருடைய திருவுடல் கோவாவில் இருக்கிறது. வலது முன்கை மட்டும் 1614இல் உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே இயேசு சபையாரின் ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கையை வணங்குகிறவர்கள் உலகெங்கும் உண்டு. அது களைத்த கை என்பதை நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

பேராலயத்தின் முற்றத்தில் வைத்துத்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். என்ன சொல்ல வேண்டுமென்று பேருந்திலேயே யோசித்து வைத்திருந்தவை எல்லாம் மறந்துபோயின. "நாங்க பேசினது தப்பு" என்று மட்டும் ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் தலையசைத்தோம். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். "எனக்கும் அந்தக் கோப்பை வேணும்ணுதான் இருந்துச்சு" என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் நீரைப் பார்த்தோம். தோற்றது நாங்கள் எழுவர் மட்டுமே என்பதுபோல அத்தனை நாள் நடந்துகொண்டோமே!

கோப்பை ஒன்பதாம் வகுப்பின் அலமாரியில்தான் இருக்கிறது. அது அவர்கள் நியாயமாக வென்றது. எங்கள் வகுப்பில் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. அவள் விடியற்காலை வேலைக்குப் போய் வந்த நாட்களில், மதிய இடைவேளையில் அவளைப் பெஞ்சில் தலைசாய்த்து உறங்க விடுகிறோம். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னே எழுப்பிவிடுகிறோம். காலையில் அவள் கண் சொருகித் தவறவிட்ட குறிப்புகளை எங்களில் முறை வைத்து ஒருத்தி அவளுக்காக எழுதி வைக்கிறாள். கணக்கில் அவள் எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். மாலையில் அவள் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். கரைமடி இழுப்பவர்களிடம் கற்றுக்கொண்ட முறை இது. ஒருவர் விடும்போது மற்றவர் பிடித்திருக்க வேண்டும்.

விடுதலைப் பயண நூலின் பதினேழாம் அதிகாரத்தை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை வாசித்திருக்கிறோம். மலைமேல் மோசே கைகளை உயர்த்தியிருக்கும் வரையில் இஸ்ரயேல் மக்கள் வென்றார்கள். கைகள் தாழ்ந்தபோது தோற்றார்கள். மோசேயின் கைகள் தளர்ந்தன. அவரோடு இருந்த ஆரோனும் கூரும் அவர் கைவிட்டுவிட்டார் என்று ஏசவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அதன்மேல் அமர்த்தி, ஆளுக்கொரு பக்கம் நின்று, கதிரவன் மறையும் வரை அவருடைய கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து நின்ற பிறகு அந்தப் பகுதியை வாசிக்கும்போது, அது எவ்வளவு நேரம் என்று எங்கள் தோள்களுக்குத் தெரிகிறது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் வாசித்துக் காட்டி, வெளியிடலாமா என்று கேட்டோம். முழுவதும் கேட்டுவிட்டு, மாமாவைப் பற்றிய இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். நாங்கள் எல்லா இடத்திலும் கயிறு என்று எழுதியிருந்தோம். "கட்டுறதுதான் கயிறு. இழுக்கிறது வடம். வடம்ணு எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதியிருக்கிறோம்.

அன்புத் தோழியரே, தங்கையரே! உங்கள் அணியிலும், உங்கள் வகுப்பிலும், உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒரு நாள் கையை விட்டுவிடலாம். கூடத்துப் பெஞ்சில் உறங்கலாம், பாதி வேலையில் உட்கார்ந்துவிடலாம். சோம்பேறி என்று சொல்வதற்கு ஒரு நொடிதான் ஆகும். அதற்கு முன்பு, அன்று காலை அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்டிருந்தால் அவள் அந்த ஐந்து நாட்கள் வேப்பமரத்தடியில் தனியே உண்டிருக்க மாட்டாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி